முகத்தில் போடும் ஃபில்லர் ஊசி: நூற்று இருபது வருடக் கதை

சென்ற இதழில் காசோலையின் வரலாறு பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, லிஃப்டில் பார்க்கிறபோதெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மிக்க நன்றி. இந்த முறை எழுத எடுத்திருக்கும் விஷயத்தைக் கேட்டால் சிலர் சிரிப்பீர்கள். என் வீட்டிலேயே சிரித்தார்கள். "முப்பத்தாறு வருஷம் லெட்ஜர் எழுதினவருக்கு இது எதுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

காரணம் இருக்கிறது. என் தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வயது முப்பத்து நான்கு. நல்ல படிப்பு, நல்ல வேலை. போன வருடம் காய்ச்சலில் படுத்து எழுந்து உடம்பு இளைத்ததில், மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் கோடு கொஞ்சம் ஆழமாகிவிட்டது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில், அவள் காதில் விழும்படியே, "முகம் களைப்பாத் தெரியுதே, வயசு சரியாத்தான் சொல்றாங்களா?" என்று கேட்டார்கள். அந்த வரன் தட்டிப்போனது, வேறு நல்ல இடம் அமைந்தது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. ஒருநாள் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று கொட்டேஷன்களை எனக்கு அனுப்பி, "பெரியப்பா, நீங்கதான் எதையும் கம்பேர் பண்ணிப் பார்ப்பீங்க. அப்பாகிட்ட இப்போ சொல்லாதீங்க" என்று எழுதியிருந்தாள்.

ஒன்று ரெஸ்டிலேன். இன்னொன்று ஜுவடெர்ம் அல்ட்ரா. மூன்றாவது நான் கேள்விப்படாத ஒரு பெயர், விலை கிட்டத்தட்ட பாதி. "எல்லாம் ஒரே மெட்டீரியல்தான் மேடம், கம்பெனிதான் வேற" என்று அந்த மூன்றாவது கிளினிக்கில் சொன்னார்களாம்.

நான் பி.காம். படித்தவன். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது சர்க்கரையும் பிரஷரும்தான். ஆனால் "எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் வங்கிக்காரனுக்கு உடனே மூக்கு வேர்க்கும். இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு பெரிய கதையாக விரிந்தது. அதைத்தான் இங்கே சுருக்கிச் சொல்கிறேன். இது மருத்துவ ஆலோசனை இல்லை. அதற்கு நம் கட்டடத்திலேயே இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். போடாக்ஸ் வேறு, ஃபில்லர் வேறு. போடாக்ஸ் தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து சுருக்கத்தைக் குறைப்பது. ஃபில்லர் என்பது பள்ளமான இடத்தில் ஏதாவது ஒரு பொருளை ஊசி வழியாக வைத்து மேடாக்குவது. சுவரில் விரிசலுக்குப் பட்டி பார்ப்பது போல. எந்தப் பொருளை வைப்பது என்ற கேள்விதான் இந்தக் கதை முழுவதும்.

1893இல் ஜெர்மனியில் நாய்பர் என்ற அறுவை மருத்துவர், ஒரு நோயாளியின் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் தழும்பால் விழுந்த பள்ளத்தில் வைத்தார். சொந்தப் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது மாதிரி. அபாயம் குறைவு, ஆனால் கையை அறுக்க வேண்டும், வைத்த கொழுப்பு அவ்வளவும் நிற்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே ஆறே வருடத்தில் குறுக்குவழி வந்தது. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற மருத்துவர், காசநோயால் ஒரு உறுப்பை இழந்த நோயாளிக்கு, அந்த இடத்தை நிரப்ப வாஸ்லீன் போன்ற பாரஃபினை உருக்கி ஊசியால் ஏற்றினார். அறுக்க வேண்டாம், தைக்க வேண்டாம். செய்தி பரவியதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூக்கு, கன்னம், சுருக்கம் என்று எல்லா இடத்திலும் மெழுகை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

மெழுகு என்ன செய்யும்? சூட்டில் இளகும், கீழே நகரும். உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து அதைச் சுற்றிக் கெட்டியான கட்டிகளை உண்டாக்கும். இந்தக் கட்டிகளுக்குப் பாரஃபினோமா என்று பெயரே வைத்துவிட்டார்கள். சில சமயம் பல வருடம் கழித்துத்தான் அது தலைகாட்டும். கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி, அந்தக் காலத்துப் பாரிஸிலும் லண்டனிலும் பேரழகி என்று பெயர் எடுத்தவர். கிரேக்கச் சிலைகளில் நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக இருக்குமல்லவா, அந்த மாதிரி வேண்டும் என்று தன் இருபத்திரண்டாவது வயது வாக்கில் மூக்கின் மேட்டில் பாரஃபின் ஏற்றிக்கொண்டார். மெழுகு மெல்ல மெல்ல முகவாய்ப் பக்கம் இறங்கிவிட்டது. 1921இல் அவர் மார்ல்பரோ பிரபுவை மணந்தார். பிளென்ஹைம் மாளிகை முகப்பின் கூரையில் 1928இல் அவருடைய கண்களை ஓவியமாகத் தீட்டி வைத்தார்கள். இன்றும் இருக்கிறது. அவர் 1977 வரை, தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்தார். எழுபது வருடத்துக்கும் மேல் அந்த ஒரு ஊசியோடு. நான் இந்தப் பகுதியைத் தம்பி மகளுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் எதுவும் பேசவில்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1903ஆம் ஆண்டிலேயே, மூக்கின் மேட்டில் பாரஃபின் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு உடனே ஒரு கண் பார்வை போனதாக மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். ஊசியில் போன மெழுகு ஒரு ரத்தக் குழாய்க்குள் புகுந்து, கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டது.

அடுத்து வந்தது திரவ சிலிக்கோன். ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவிலும் 1960கள் வரை ஓடியது. லாஸ் வேகஸ் நடன அரங்குகளில் ஆடிய பெண்கள் பலர் இதைப் போட்டுக்கொண்டார்கள். கட்டி, நகர்தல், தொற்று என்று மெழுகின் கதையே மறுபடியும் நடந்தது. கடைசியில் அந்த மாநிலத்தில் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. மெழுகில் சுட்டுக்கொண்ட அறுபது வருடத்திலேயே அதே தவறை வேறு பெயரில் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. நிரந்தரமாக நிற்கும் பொருள் என்றால் வாங்குபவருக்கு லாபம் என்று தோன்றும். ஆனால் முகம் நிரந்தரமாக அப்படியே இருப்பதில்லையே. நாற்பது வயதில் சரியாக இருந்த மேடு அறுபதில் தப்பான இடத்தில் நிற்கும்.

அதனால், உடம்பே கொஞ்ச காலத்தில் கரைத்துவிடும் பொருளைத் தேடினார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சுற்றி 1970களில் நடந்த ஆராய்ச்சியில் கொலாஜன் பிறந்தது. நம் தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் அது. மாட்டுத் தோலிலிருந்து அதை எடுத்துச் சுத்தப்படுத்திச் சிரிஞ்சில் அடைத்தார்கள். பெயர் சைடெர்ம். அமெரிக்க எஃப்.டி.ஏ. 1981இல் இதற்கு அனுமதி கொடுத்தது. முகத்தை அழகாக்க என்றே அனுமதி பெற்ற முதல் ஃபில்லர் ஊசி இதுதான்.

ஒத்த பொருள்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற நம் தலைவலியும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒரே கம்பெனி மூன்று விதம் விற்றது. சைடெர்ம் ஒன்றில் ஒரு மில்லிக்கு 35 மில்லிகிராம் கொலாஜன், சைடெர்ம் இரண்டில் 65 மில்லிகிராம். 1985இல் வந்த சைப்ளாஸ்டில் மறுபடி 35தான், ஆனால் ரசாயனத்தால் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டிப்படுத்தியது. மெல்லிய கோட்டுக்கு முதலாவது, ஆழமான பள்ளத்துக்கு மூன்றாவது. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எடுத்தால் ஏமாறுவோம் என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

கொலாஜனில் இரண்டு குறை. மாட்டுப் புரதம் என்பதால் நூற்றில் மூன்று பேர் வாக்கில் ஒவ்வாமை வந்தது. ஆகவே முதலில் முன்கையில் ஒரு துளி போட்டு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காத்திருந்து போட்டுக்கொண்டாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். வட்டி குறைவு, லாக்-இன் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே கதை கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1934இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணைப் பிரித்து, உள்ளே நிறைந்திருக்கும் கண்ணாடி போன்ற கொழகொழப்பிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்கத்தில் கண்ணாடிக்கு ஹையலோஸ் என்று பெயர். அதை வைத்து ஹையலூரானிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். அது ஒரு சர்க்கரைச் சங்கிலிதான். தோலில், மூட்டில், கண்ணில் என்று நம் உடம்பிலேயே இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை உடம்பு தினமும் அழித்துப் புதிதாக உண்டாக்குகிறது. இதைவிட வேகமான ரொக்கப் புழக்கத்தை நான் எந்தக் கவுண்டரிலும் பார்த்ததில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இதன் சிறப்பு. மாட்டுக்கும் சேவலுக்கும் மனிதனுக்கும் இந்தப் பொருளின் அமைப்பு ஒன்றே என்பதால் ஒவ்வாமையும் குறைவு.

ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஷ் என்ற விஞ்ஞானி இதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து 1980 வாக்கில் ஸ்வீடன் கம்பெனி ஒன்று ஹீலான் என்ற பெயரில் கண் அறுவைக்கு விற்றது. கண்புரை எடுக்கும்போது கண்ணின் உள்ளே இடத்தைத் தாங்கிப் பிடிக்க, உள் அடுக்குகள் உரசாமல் காக்க அது பயன்பட்டது. லென்ஸ் வைத்துக்கொண்ட நம் சீனியர் நண்பர்கள் சிலருடைய கண்ணில் அந்த வகைப் பொருள் சில நிமிடமாவது இருந்திருக்கலாம். முழங்கால் மூட்டில் டாக்டர் போடும் ஜெல் ஊசியும் இந்தக் குடும்பம்தான். ஆக, தம்பி மகளின் கொட்டேஷனில் இருந்த பொருள் நம்மைப் போன்ற கிழங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஆள்.

கண்ணுக்குள் வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடலாம். முகத்தில் நிற்க வேண்டுமே? சும்மா ஊசியில் ஏற்றினால் ஓரிரு நாளில் உடம்பு அழித்துவிடும். இதற்குத்தான் குறுக்குப் பிணைப்பு. நூல் நூலாகக் கிடப்பதை முடிச்சுப் போட்டு வலையாக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி நூலை உடம்பு சுலபமாக அறுக்கும், வலையை அறுக்க மாதக்கணக்கில் ஆகும். முடிச்சுப் போடப் பயன்படும் ரசாயனத்துக்கு பி.டி.டி.இ. என்று பெயர். ரெஸ்டிலேனிலும் ஜுவடெர்மிலும் இதேதான். எத்தனை முடிச்சு, எப்படிப்பட்ட முடிச்சு என்பதில்தான் ஒவ்வொரு கம்பெனியின் கைப்பக்குவம்.

ஸ்வீடனில் உப்சாலா நகரில் பெங்க்ட் ஓகெருப் 1987இல் தொடங்கிய க்யூ-மெட் என்ற கம்பெனி, சேவலை விட்டுவிட்டு பாக்டீரியாவை நொதிக்க வைத்து இந்தப் பொருளைத் தயாரித்தது. அதுதான் ரெஸ்டிலேன். ஐரோப்பாவில் 1996இல் வந்தது. அமெரிக்காவில் 2003 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. இடையில் அவர்கள் கேட்ட பரிசோதனையை நான் ரசித்துப் படித்தேன். 138 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் முகத்தின் ஒரு பக்கக் கோட்டில் ரெஸ்டிலேன், மறுபக்கக் கோட்டில் பழைய கொலாஜன் சைப்ளாஸ்ட். எந்தப் பக்கம் எது என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஒரு அளவுகோலின்படி நூற்றுக்கு 56.9 பேரில் ரெஸ்டிலேன் பக்கம் மேல், 9.5 பேரில் மட்டுமே சைப்ளாஸ்ட் பக்கம் மேல். மீதிப் பேரில் வித்தியாசம் இல்லை. ஒரே முகத்தில் இரண்டு கணக்கு, ஒரே நாளில் டேலி. இதைவிட நேர்மையான ஆடிட் உண்டா? கொலாஜன் காலம் அத்தோடு இறங்குமுகமானது. சில வருடத்தில் சந்தையை விட்டே போய்விட்டது.

2004இல் சேவல் கொண்டையிலிருந்து எடுத்த ஹைலாஃபார்மும் அமெரிக்காவில் வந்தது. ரெஸ்டிலேனில் மில்லிக்கு 20 மில்லிகிராம் என்றால் அதில் 5.5தான். சில மாதமே நின்றது, அதுவும் மறைந்தது. அடுத்து பிரான்ஸின் கார்னியல் கம்பெனி தயாரித்த ஜுவடெர்ம், 2006 ஜூனில் அனுமதி பெற்றது. அதன் அல்ட்ராவில் மில்லிக்கு 24 மில்லிகிராம்.

இப்போது அசல் கேள்விக்கு வருவோம். இரண்டிலும் அதே அமிலம், அதே முடிச்சு ரசாயனம், இரண்டும் பாக்டீரியாவில் செய்தவை. அப்படியானால் வித்தியாசம் என்ன?

சமையலறையை வைத்துச் சொல்கிறேன். ரெஸ்டிலேன் முதலில் கெட்டியான ஜெல்லாகச் செய்து, பிறகு சல்லடை மாதிரி ஒன்றில் தள்ளி மணி மணியாக்கப்படுகிறது. மில்லிக்குச் சுமார் ஒரு லட்சம் மணி. அதே ஜெல்லைப் பெரிய கண் சல்லடையில் தள்ளினால் மில்லிக்குச் சுமார் பத்தாயிரம் மணி. அதற்கு பெர்லேன் என்று வேறு பெயர். 2007இல் அமெரிக்கா வந்தது, பிற்பாடு அதையே ரெஸ்டிலேன் லிஃப்ட் என்று பெயர் மாற்றினார்கள். நைஸ் ரவையும் பெரிய ரவையும் ஒரே கோதுமைதானே? ஆனால் கேசரிக்கு ஒன்று, உப்புமாவுக்கு இன்னொன்று என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஜுவடெர்ம் மணியாக இல்லாமல் வழவழவென்று அல்வாப் பதத்தில் இருப்பது. பொதுவாக ரெஸ்டிலேன் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். ஜுவடெர்ம் அல்ட்ரா இளக்கமாகப் பரவும், தண்ணீரை இன்னும் கொஞ்சம் இழுத்து உப்பும். விறைப்பானது எலும்பின் மேல் ஆழமாக வைத்துத் தூக்கி நிறுத்த நல்லது. இளக்கமானது அசையும் இடத்துக்கு, உதடு மாதிரியான இடத்துக்கு நல்லது. எது மேல் என்ற கேள்வியே தவறு, எந்த இடத்துக்கு என்பதே கேள்வி என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றேனே, இன்னும் ஒன்று. அதே ஜுவடெர்ம் குடும்பத்தில் 2013இல் கன்னத்துக்கென்று வந்த வாலூமாவில் மில்லிக்கு 20தான். அல்ட்ராவின் 24ஐவிடக் குறைவு. ஆனால் முடிச்சு முறையை மாற்றியதால் அது இரண்டு வருடம் வரை நிற்கும் என்று அனுமதி வாங்கினார்கள். அதே முறையில் 2016இல் வந்த வால்பெல்லாவில் 15. முதலீட்டுத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு எந்தத் திட்டத்தில் போட்டது என்று பார்க்காமல் இருப்போமா?

அனுமதி என்ற சொல்லையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ரெஸ்டிலேனுக்கு 2003இல் கிடைத்தது மூக்கோரக் கோடு போன்ற மடிப்புகளுக்கு மட்டும். உதட்டுக்கு 2011இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட எட்டு வருடத்தில் உதட்டில் போட்டவர்கள் எல்லாம் டாக்டரின் பொறுப்பில் போட்டவர்கள். வங்கி உத்தரவாதக் கடிதத்தில் எந்த வேலைக்கு என்று எழுதியிருக்குமே, அது போலத்தான்.

ஹையலூரானிக் அமிலம் இல்லாத ஃபில்லர்களும் உண்டு. ரேடியஸ் என்பது எலும்பில் உள்ளதைப் போன்ற சுண்ணாம்புச் சத்து, 2006இல் வந்தது. ஸ்கல்ப்ட்ரா 2004இல் எச்.ஐ.வி. சிகிச்சையில் கன்னம் ஒட்டிப்போனவர்களுக்காக வந்தது, 2009இல் மற்றவர்களுக்கும் அனுமதித்தார்கள். பிளாஸ்டிக் மணிகளைக் கொலாஜனில் கலந்த ஆர்டெஃபில் என்ற நிரந்தரச் சரக்கும் 2006இல் வந்தது. இவை பற்றி அதிகம் எழுதவில்லை. காரணம், ஹையலூரானிக் குடும்பத்துக்கு மட்டும் உள்ள ஒரு வசதி இவற்றுக்குக் கிடையாது.

அந்த வசதிக்கு ஹையலூரானிடேஸ் என்று பெயர். ஒரு நொதி. போட்ட இடத்தில் இதை ஊசியாக ஏற்றினால், மாதக்கணக்கில் நிற்க வேண்டிய ஜெல் மணிக்கணக்கில், மிஞ்சினால் ஓரிரு நாளில் கரைந்துவிடும். கோணலாகப் போய்விட்டதா, கட்டி தெரிகிறதா, பிடிக்கவில்லையா, என்ட்ரியை ரிவர்ஸ் செய்துவிடலாம். கிளாடிஸ் டீக்கனுக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இதன் உண்மையான அவசியம் அழகுக்காக இல்லை. 1903ஐக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? நூற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2015 மே மாதம், அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஃபில்லர் தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம் என்று. அரிதுதான். ஆனால் மெழுகானாலும் ஸ்வீடன் ஜெல்லானாலும் முகத்தின் ரத்தக் குழாய்கள் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கின்றன. மூக்குப் பக்கமும் புருவ மத்தியும் நெற்றியும் குறிப்பாகக் கவனம் தேவைப்படும் இடங்கள். ஊசி போடும்போதோ போட்ட பிறகோ தாங்க முடியாத வலி, தோல் வெளுத்துப்போவது, திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, பார்வை மங்குவது, இதில் ஏதாவது வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போகக் கூடாது. அந்த நொதி அதே அறையில் இருக்க வேண்டும், எப்போது எவ்வளவு போடுவது என்று தெரிந்த டாக்டரும் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2013இல் புரூஸ் கியோ என்ற மூத்த மருத்துவர் தலைமையில் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். ஃபில்லர் போட்டுக்கொள்பவருக்குச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு ஒரு பேனா வாங்குபவருக்கு இருப்பதைவிட அதிகமில்லை என்று அதில் வேதனைப்பட்டிருந்தார்கள். அதன் பிறகும் 2021 அக்டோபரில்தான் அங்கே பதினெட்டு வயதுக்குக் கீழே அழகுக்காக ஃபில்லர் போடக் கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் அமெரிக்காவில், ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஏற்றும் பேனா போன்ற கருவிகளை வீட்டில் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள் என்று எஃப்.டி.ஏ. எச்சரித்தது. நம் குடியிருப்பின் இளைய தலைமுறை இதைக் கவனிக்க வேண்டும். ஆன்லைனில் எது வேண்டுமானாலும் வீட்டு வாசலுக்கு வரும் காலம் இது.

சரி, தம்பி மகள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது கிளினிக்குக்கு, பாதி விலைக் கடைக்கு, நானும் அவளோடு போனேன். பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது உள்ளே இருக்கு சார்" என்றார்கள். பேட்ச் நம்பர் ஸ்டிக்கர் தருவீர்களா என்றேன். "கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். ஊசி போடப்போவது யார், தோல் டாக்டரா என்றேன். வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்து, "உங்க அப்பாவா மேடம்?" என்று கேட்டாள். கரைக்கும் மருந்து இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தேவைப்படாது சார், நாங்க நல்லாப் பண்ணுவோம்" என்று பதில். பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். படியில் இறங்கும்போது, "பெரியப்பா, நீங்க லோன் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி கேக்குறீங்க" என்றாள். ஆமாம், அப்படித்தான் கேட்டேன்.

மற்ற இரண்டில், தோல் டாக்டர் ஒருவரே நேராக உட்கார்ந்து பேசிய இடத்துக்கு மறுபடி போனோம். ரெஸ்டிலேனா ஜுவடெர்மா என்று நான் தயாரித்து வைத்திருந்த அட்டவணையைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, இந்தக் கோட்டுக்கு இரண்டில் எதுவும் சரிதான், எனக்குக் கை பழகியது இது என்று ஒன்றைச் சொன்னார். இரண்டு மாதப் படிப்புக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். ஆனால் குளிர்பெட்டியைத் திறந்து அந்த நொதிப் புட்டியைக் கேட்காமலேயே காட்டினார். பிறகு அவளிடம், கல்யாணத்துக்கு முந்தின வாரம் வராதீர்கள், வீக்கமும் ரத்தக்கட்டும் இறங்கக் குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும் என்றார். கடைசியாக, இது இல்லாமலும் உங்கள் முகம் நன்றாகத்தான் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அவள் ஒரு வாரம் யோசித்தாள். அதற்குள் நான் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான். என் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை ஒரே ஒரு சிரிஞ்சு. ஒரு மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. சீல் உடைப்பதற்கு முன் பெட்டியை எங்களிடம் காட்டினார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி நேரத்தில் முடிந்தது. வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் உள்ள ஸ்டிக்கரைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். என் ஃபிக்சட் டெபாசிட் ரசீதுகள் இருக்கும் ஃபைலில், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் தேதியும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த இதழுக்கு, பழைய ஐந்து பைசா, பத்துப் பைசா நாணயங்கள் போன கதையை எழுதச் சொல்லி பி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் பழைய நாணயங்கள் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை கிளப் ஹவுஸுக்குக் கொண்டுவந்தால் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்கிறேன். பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.